பழைய ஜீப்புக்குப் புது சவுண்ட் சிஸ்டம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் ஜீப்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் கடந்த சில மாதங்களாகப் பார்த்த வேலையில் பாதி, வாசலில் நிற்கும் மகிந்திரா எம்.எம். 540 ஜீப்புக்காகத்தான். அப்பாவின் வண்டி அது. பிஜோ டீசல் எஞ்சின், தகர டேஷ்போர்டு, மேலே தார்ப்பாய் ஹூட். விற்றுவிடலாம் என்று நாங்களும் சொல்லிப் பார்த்துவிட்டோம். அவர் எஃப்.சி. புதுப்பித்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு தகரப் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்த கேசட் பிளேயர் ஒரு நாள் நாடாவைத் தின்றுவிட்டு நின்று போனது. அதோடு அப்பாவின் கேசட்டுகளும் ஊமையாகிவிட்டன. ஈரோட்டு ரெக்கார்டிங் சென்டர்களில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, நாலு நாள் காத்திருந்து பதிந்து வாங்கியவை. நாற்பதுக்கு மேல் இருந்தன. "புதுசா ஒண்ணு மாட்டிக் குடு கண்ணு. ஆனா என்ற பாட்டு அதுல வரோணும்" என்றார்.

ஆக, எனக்கு இரண்டு வேலைகள். ஜீப்புக்கு ஏற்ற பிளேயரும் ஸ்பீக்கரும் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது ஒன்று. கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றி எம்.பி.3 பைல்களாக மாற்றுவது இன்னொன்று. இரண்டிலும் தவறு செய்தேன். முதல் தவறில் வண்டியே எரிந்திருக்கும். நீங்களும் அதையே செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ் கணக்கு

முதலில் உங்கள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்தே தொடங்குவோம். முன்பு வந்த பல ஸ்பீக்கர்களின் அட்டைப் பெட்டியில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். அதே ஸ்பீக்கரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருக்கும். 12-ஐ 1-ஆல் பெருக்கினால் 12 வாட்ஸ். உள்ளே போவதே 12 வாட்ஸ் என்றால் வெளியே 1000 எப்படி வரும்? பி.எம்.பி.ஓ. என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. கம்பெனிக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்டுள்ள எண்ணை மட்டுமே. தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான்.

கார் பிளேயர்களில் இதே கதை சற்று நாகரிகமாக நடக்கிறது. எந்தப் பிளேயரை எடுத்தாலும் முகப்பில் "50 வாட்ஸ் x 4" என்று இருக்கும். இந்த 50 எங்கிருந்து வந்தது தெரியுமா? எஞ்சின் ஓடும்போது வண்டியில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கரின் ரெசிஸ்டன்ஸ் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுங்கள். 51.8 வருகிறதா? அதுதான் அந்த 50. ஆனால் அந்த அளவை எட்ட வேண்டுமானால் ஒலி அலையின் தலையும் வாலும் வெட்டப்பட்டு, சதுரமாகிக் கரகரவென்று கேட்கும். சுத்தமான ஒலிக்கு இதில் பாதி, அதாவது 26 வாட்ஸ்தான் உச்ச வரம்பு. உள்ளே இருக்கும் சிப்பில் ஆகும் இழப்பும் போனால் 18 முதல் 22 வரைதான் மிஞ்சும். நம்பவில்லை என்றால் பிளேயரின் கையேட்டில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், அங்கே உண்மையை எழுதியிருப்பார்கள். விலை கூடிய சில மாடல்களில் வோல்டேஜை உயர்த்தும் சர்க்யூட் தனியாக உண்டு, அவை விதிவிலக்கு.

அமெரிக்காவில் 2003-ல் இதற்கென்றே சி.இ.ஏ. 2006 என்ற அளவுமுறை கொண்டுவந்தார்கள். இப்போது சி.டி.ஏ. 2006 என்று பெயர். 14.4 வோல்ட், 4 ஓம், ஒலிச்சிதைவு 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் நிபந்தனை. பெட்டியில் இந்த முத்திரை இருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

20 வாட்ஸ் போதுமா என்கிறீர்களா? தாராளமாகப் போதும். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் அட்டையில் சென்சிடிவிட்டி என்று இன்னொரு எண் இருக்கிறது பாருங்கள், யாரும் கண்டுகொள்ளாத எண் அது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு டெசிபல் கேட்கிறது என்பதைக் காட்டும். 87 உள்ள ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் கொடுப்பதும் 90 உள்ள ஸ்பீக்கருக்கு 10 வாட்ஸ் கொடுப்பதும் ஒன்றுதான். நான் 91 உள்ளதை வாங்கினேன். ஆம்ப்ளிபையர் வாங்கும் செலவே மிச்சமானது.

ஜீப் வேறு, கார் வேறு

ஈரோட்டில் நான் விசாரித்த கடைகளில் எல்லாம் முதலில் காட்டியது பேஸ் ட்யூப்தான். "இதை வைங்க தம்பி, சும்மா அதிரும்" என்றார்கள். மூடிய காரில் அதிரும் என்பது உண்மைதான். கண்ணாடியை ஏற்றிவிட்டால் காருக்குள் இருக்கும் காற்று ஒரு மூடிய டப்பா மாதிரி ஆகிவிடுகிறது. தாழ்ந்த ஒலிகள் அந்த டப்பாவுக்குள் தானாகவே வலுப்பெறும். தார்ப்பாய் ஹூட் போட்ட ஜீப்பில் அப்படி எந்த டப்பாவும் இல்லை. பேஸ் எல்லாம் பக்கவாட்டுத் திரை வழியாக ரோட்டுக்குப் போய்விடும். போதாக்குறைக்கு டீசல் எஞ்சின், கியர் பாக்ஸ், டயர் எல்லாம் எழுப்புகிற உறுமலும் அதே தாழ்ந்த ஸ்தாயியில்தான் இருக்கிறது. எஞ்சினோடு பேஸ் ட்யூபைப் போட்டி போட வைத்தால் எஞ்சின்தான் ஜெயிக்கும்.

பாட்டின் வார்த்தைகள் நமக்குப் புரிவது பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலிகளால். அந்தப் பகுதி தெளிவாக இருந்தால் ஜீப்பில் பாட்டுக் கேட்கலாம், இல்லாவிட்டால் இரைச்சல்தான். எனவே என் முடிவு: பேஸ் ட்யூப் வேண்டாம், தனி ஆம்ப்ளிபையர் வேண்டாம். நல்ல 6.5 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு போதும். அவையும் படகுகளுக்கென்று வரும் மரைன் வகையாக இருக்கட்டும். சாதாரண ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு இருந்தால் ஒரு ஐப்பசி மழை போதும், ஊறி உப்பிவிடும். மரைன் ஸ்பீக்கரில் பிளாஸ்டிக் கூம்பு, துருப்பிடிக்காத ஸ்குரு. வெயிலுக்கும் தாங்கும்படி செய்திருப்பார்கள். ஈரோட்டுச் சித்திரை வெயிலில் அது சாதாரண விஷயம் இல்லை.

பிளேயர் விஷயத்தில் நான் அதிகம் யோசிக்கவில்லை. சி.டி. போடும் வசதி இல்லாத, யு.எஸ்.பி.யும் புளூடூத்தும் எஃப்.எம்.மும் உள்ள மெக்லெஸ் பிளேயர் எடுத்தேன். ஜீப் குதிக்கிற குதியில் சி.டி. லென்ஸ் தாக்குப்பிடிக்காது. இந்தப் பிளேயரில் அசையும் பாகமே இல்லை. முகப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளும் மாடலாகப் பாருங்கள், தார்ப்பாய் ஹூட்டுக்குப் பூட்டு ஏது? சாதாரண பிளேயரின் அகலம் சுமார் 18 சென்டிமீட்டர், உயரம் 5 சென்டிமீட்டர். உலகம் முழுக்க இதே அளவுதான், டின் அளவு என்பார்கள். எங்கள் ஜீப்பின் டேஷ்போர்டில் அதற்கு இடம் இல்லை. தகரத்தை வெட்ட அப்பா ஒப்புக்கொள்ளவும் மாட்டார். எனவே பழைய பட்டை இருந்த இடத்திலேயே ஒரு சின்ன பிளைவுட் கூண்டு செய்து உள்ளே வைத்தோம்.

ஸ்பீக்கருக்கும் பெட்டி அவசியம். ஸ்பீக்கரின் முன்புறம் காற்றைத் தள்ளும்போது பின்புறம் இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றை ஒன்று விழுங்கிவிடும், பாட்டு தகர டப்பா மாதிரி கேட்கும். ஏழெட்டு லிட்டர் கொள்ளளவில் மரைன் பிளைவுட்டில் இரண்டு பெட்டிகள் செய்து, டேஷ்போர்டுக்கு இரு ஓரங்களிலும் முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்படி வைத்தோம். காலைப் பார்த்தபடி வைத்தால் கால்தான் பாட்டுக் கேட்கும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். வாங்குவதற்கு முன் வண்டியின் வோல்டேஜை மல்டிமீட்டரில் அளந்துவிடுங்கள். ராணுவ ஏலத்தில் வந்த சில வண்டிகளில் 24 வோல்ட் ஒயரிங் இருக்கும். 12 வோல்ட் பிளேயரை அதில் மாட்டினால் ஒரு நொடிகூட ஆகாது, புகைதான் வரும்.

திம்பம் மலையில்

கம்ப்யூட்டரில் ராம் மாட்டத் தெரிந்தவனுக்கு கார் பிளேயர் மாட்டுவது பெரிய விஷயமா என்ற நினைப்பில் ஒயரிங் வேலையை நானே செய்தேன். பேட்டரியிலிருந்து பிளேயருக்கு நேராக ஒரு ஒயர். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் உள்ள தகரத்தில் பழைய ஒயர் போன ஓட்டை ஒன்று இருந்தது, அதிலேயே நுழைத்தேன். பிளேயருக்குப் பின்னால் 10 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே, போதாதா என்று விட்டுவிட்டேன். பாட்டு அருமையாகப் பாடியது. எனக்கு ஒரே பெருமை.

இரண்டு வாரம் கழித்துத் தாளவாடியில் ஓர் உறவினர் வீட்டு விசேஷம். சத்தியமங்கலம், பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில் ஏறினோம். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறியிருப்போம், பாட்டு சட்டென்று நின்றது. "என்ன கண்ணு, ரப்பர் தீயற வாசம் வருது?" என்றார் அப்பா. அடுத்த நொடி டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை.

நான் பிளேயரின் பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வண்டியை ஓரங்கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பேனரை எடுத்து, பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகடிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஒயரின் மேலுறை எஞ்சின் பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு உருகி வழிந்திருந்தது. டீசல் குழாய் அங்கிருந்து நாலு விரல் தள்ளித்தான் போகிறது.

நடந்தது இதுதான். வண்டியின் அதிர்வில் ஒயர் அந்தத் தகர ஓட்டையின் விளிம்பில் உரசி உரசி மேலுறை அறுந்துவிட்டது. உள்ளே இருந்த செம்புக் கம்பி பாடியைத் தொட்டதும் ஷார்ட். வண்டியின் பாடி முழுக்க நெகடிவ் அல்லவா? பியூஸ் எங்கே இருந்தது? பிளேயருக்குப் பின்னால். ஷார்ட் ஆன இடமோ பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவில். நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடிய பேட்டரிக்கும் அந்த ஒயருக்கும் இடையே தடுக்க எதுவுமே இல்லை. பியூஸ் முழுதாக, அழகாக அப்படியே இருந்தது.

மறுநாள் ஈரோட்டில் எங்களுக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காட்டினேன். கருகிய ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏனுங் தம்பி, பியூஸு பிளேயரக் காப்பாத்தறதுக்குன்னு நெனச்சீங்களாக்கும்? அது ஒயரக் காப்பாத்தறதுக்குங்க. ஒயரு எங்க ஆரம்பிக்குதோ அங்கதான் பியூஸு இருக்கோணும்."

இந்த வரியை எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

இரண்டாம் முறை ஒயரிங்

பேட்டரியின் பாசிடிவ் டெர்மினலிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும், எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. நான்கு சேனலும் முழுச் சத்தத்தில் பாடினாலும் இந்தப் பிளேயருக்கு 10 ஆம்பியர் போதும். ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு, வீட்டு ஒயர் அல்ல, எஞ்சின் சூட்டைத் தாங்கும் ஆட்டோ ஒயர். தகரத்தில் நுழையும் இடத்தில் ரப்பர் புஷ். எஞ்சின் பக்கம் முழுவதும் நெளிவு ட்யூபுக்குள் ஒயரைப் போட்டு, ஆடாமல் இருக்க ஒரு சாண் இடைவெளியில் டை கட்டினார் அண்ணன். ரப்பர் புஷ்ஷின் விலை ஒரு டீக் காசுகூட இல்லை.

பிளேயரின் பின்னால் வரும் ஒயர்களின் நிறங்களைத் தெரிந்துகொள்ளுங்கள், பெரும்பாலான கம்பெனிகளில் ஒன்றுபோலத்தான் இருக்கும். மஞ்சள் எப்போதும் பேட்டரியோடு இணைந்திருக்க வேண்டியது, நேரமும் ஸ்டேஷன்களும் நினைவில் இருப்பது இதனால்தான். சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் கரண்ட் வர வேண்டியது. கறுப்பு எர்த். வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. இவற்றில் கறுப்புக் கோடு போட்ட ஜோடி ஒயர் ஸ்பீக்கரின் நெகடிவ். பழைய கேசட் பிளேயர்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் நெகடிவை வண்டியின் பாடியிலேயே கொடுத்திருப்பார்கள். இப்போதைய பிளேயரில் அப்படிச் செய்தால் உள்ளே உள்ள சிப் போய்விடும். பழைய ஸ்பீக்கர் ஒயர்களை அப்படியே பயன்படுத்த நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நான் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகவே போட்டேன்.

ஸ்பீக்கரில் எது பாசிடிவ் என்ற சந்தேகம் வந்தால் ஒரு பென்சில் செல் போதும். செல்லின் இரு முனைகளையும் ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பாசிடிவ் தொட்ட முனைதான் பாசிடிவ். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றை மாற்றிக் கொடுத்துவிட்டால் பாட்டில் பேஸே இருக்காது, குரலும் எங்கிருந்தோ வருவது போல் கேட்கும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு புதுப் பிரச்சினை. எஞ்சினை முடுக்கினால் ஸ்பீக்கரில் கொசு மாதிரி ஓர் ஒலி, வேகம் கூடக் கூட அதன் ஸ்தாயியும் ஏறியது. ஆல்டர்னேட்டரின் சத்தம்தான். எர்த் சரியில்லை என்பதற்கு அடையாளம். பெயின்ட் அடித்த தகரத்தின் மேலேயே போல்ட்டை முடுக்கியிருந்தேன். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று உலோகம் தெரிந்த பிறகு பல் வாஷர் போட்டு இறுக்கியதும் நின்றது. நீங்கள் சோதிக்க வேண்டுமானால் பாட்டு ஓடும்போது பிளேயரின் உலோக உடலுக்கும் பேட்டரியின் நெகடிவுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது.

செலவு? பிளேயர், ஸ்பீக்கர், பெட்டி, இரண்டு முறை ஒயரிங் எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது. அதில் ஒயர், பியூஸ், புஷ் வகையறா ஆயிரத்துக்குள்தான்.

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

இனி உங்கள் கம்ப்யூட்டருக்கு வேலை. வீட்டில் பழைய டூ இன் ஒன் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஹெட்போன் சாக்கெட் உள்ளது என்றால் போதும். அதன் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஒட்டும், அது உங்கள் பாட்டை மந்தமாக்கிக்கொண்டிருந்த நாடாத் தூள்.

இரு முனையிலும் 3.5 எம்.எம். ஸ்டீரியோ பின் உள்ள கேபிள் ஒன்று வாங்குங்கள். டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் பின்புறம் மூன்று நிறச் சாக்கெட்டுகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் லைன் இன். கேபிளை வெளிர்நீலத்தில்தான் செருக வேண்டும். நான் இளஞ்சிவப்பில் செருகினேன். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய சிக்னலுக்காகச் செய்யப்பட்ட சாக்கெட் அது. அதில் டூ இன் ஒன்னின் முழுச் சத்தத்தையும் கொடுத்தால் பாட்டு கரகரத்துப் போகும். ஆறு கேசட்டுகளை முழுதாகப் பதிந்த பிறகே கவனித்தேன். ஆறையும் மறுபடி ஓட்ட வேண்டியதாயிற்று. பல லேப்டாப்களில் லைன் இன் கிடையாது. லைன் இன் உள்ள யு.எஸ்.பி. சவுண்ட் அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

புரோகிராமுக்கு ஆடாசிட்டி போதும். 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். ஸ்டீரியோ, 44100 ஹெர்ட்ஸ் என்று வைத்து, பாட்டை ஓட்டிப் பாருங்கள். லெவல் மீட்டர் அதிகபட்சமாக மைனஸ் 6 டெசிபல் பக்கம் நிற்கும்படி டூ இன் ஒன்னின் வால்யூமைத் திருப்புங்கள். அது 0-வைத் தொட்டால் பாட்டின் தலை வெட்டப்படும். வெட்டியதை எந்த எஃபெக்டாலும் ஒட்ட முடியாது. பிறகு சிவப்பு வட்டத்தை க்ளிக் செய்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் கேசட் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர்தான் நகரும். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம். எனக்கு நாற்பது கேசட்டுக்கு இரண்டு மாதம் ஆனது, தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்ற கணக்கில்.

ஒரு மணி நேரப் பதிவை டபிள்யூ.ஏ.வி. பைலாக வைத்தால் சுமார் 635 எம்.பி. ஆகும். 192 கே.பி.பி.எஸ். எம்.பி.3-ஆக மாற்றினால் அதுவே 86 எம்.பி.தான். ஜீப்புக்கு 192 தாராளம். 320 போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம்.

நாடாவின் "ஸ்ஸ்" என்ற இரைச்சலை நீக்க ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் உண்டு. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உற்சாகத்தில் எல்லோரும் அதை அளவுக்கு மீறிப் போட்டுவிடுவார்கள், நானும்தான். பாட்டு தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். ஜீப்பில் எஞ்சின் சத்தத்துக்கு முன் அந்த "ஸ்ஸ்" காதிலேயே விழாது. அதை விட்டுவிட்டு, எஃபெக்ட் மெனுவில் உள்ள கம்ப்ரஸரைப் பயன்படுத்துங்கள். இது பைலைச் சுருக்கும் கம்ப்ரஸ் அல்ல. பாட்டில் மெல்லிய பகுதியையும் உரத்த பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவரும். வீட்டில் கேட்கும்போது மெல்லிய புல்லாங்குழல் அழகுதான், ஜீப்பில் அது காணாமல் போய்விடும். அதைக் கேட்க வால்யூமை ஏற்றினால் அடுத்த சரணத்தில் மேளம் காதைக் கிழிக்கும். கம்ப்ரஸர் போட்ட பிறகு வால்யூம் பட்டனை அப்பா அடிக்கடி தேடுவதில்லை. ஆனால் கம்ப்ரஸர் போடாத மூலப் பதிவை வேறு போல்டரில் பத்திரமாக வைத்திருக்கவும், வீட்டில் கேட்க அதுதான் நல்லது.

பாட்டு மாறும் இடங்களில் கன்ட்ரோல் + பி அழுத்தி லேபிள் வைத்துக்கொண்டே போனால், எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒவ்வொரு பாட்டும் தனித்தனி பைலாகப் பிரிந்துவிடும்.

பென் டிரைவில் கவனிக்க வேண்டியவை

பாட்டை காப்பி செய்து செருகினேன், "நோ ஃபைல்" என்றது பிளேயர். பென் டிரைவ் என்.டி.எஃப்.எஸ். முறையில் பார்மட் ஆகியிருந்தது. பல கார் பிளேயர்களுக்கு ஃபேட் 32 மட்டுமே புரியும். டிரைவின் மேல் ரைட் க்ளிக் செய்து, பார்மட் தேர்ந்தெடுத்து, ஃபைல் சிஸ்டத்தில் ஃபேட் 32 கொடுக்கவும். பார்மட் செய்தால் அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் இந்தப் பெட்டி வெகுகாலம் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிரைவ்களுக்கு ஃபேட் 32-ஐக் காட்டாமலே இருந்தது. எனவே 16 அல்லது 32 ஜி.பி. டிரைவே வாங்குங்கள். 16 ஜி.பி.யில் 192 கே.பி.பி.எஸ். பாட்டு 180 மணி நேரத்துக்கு மேல் கொள்ளும். ஈரோட்டிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்பினாலும் தீராது.

அடுத்தது வரிசை. சில பிளேயர்கள் பெயர் வரிசையில் பாடுவதில்லை, நீங்கள் காப்பி செய்த வரிசையிலேயே பாடும். பைல் பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, போல்டர் போல்டராக வரிசைப்படி காப்பி செய்யவும். தமிழில் பெயர் வைத்தால் பிளேயரின் திரையில் வெறும் கட்டங்கள் வருவதும் உண்டு. நான் பாட்டுப் பெயரே வைக்கவில்லை. அப்பாவின் கேசட்டுகளில் அவர் கையாலேயே 1 முதல் 43 வரை எண் போட்டிருந்தார். போல்டர்களுக்கும் அதே எண்கள்தான். அவருக்கு எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்று மனப்பாடம்.

நீளமான பென் டிரைவ் ஜீப்பில் ஆகாது. முழங்கால் இடித்தால் சாக்கெட்டே பெயர்ந்துவிடும். நகம் அளவில் வரும் குட்டி டிரைவ் வாங்குங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் இருக்கும் டிரைவை நம்ப வேண்டாம். அது நகல் மட்டுமே, மூலம் கம்ப்யூட்டரிலும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும். போனிலிருந்து புளூடூத்தில் பாட வைக்கலாமே என்பீர்கள். பாடும்தான். ஆனால் மலை ஏறினால் சிக்னல் போகும், இணையத்திலிருந்து வரும் பாட்டும் கூடவே போகும்.

எவ்வளவு சத்தம்?

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. பழைய டீசல் ஜீப்பே இந்தக் கணக்கில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு ஜன்னல் பக்கமுள்ள வலது காது சற்று மந்தம். அதற்காக நான் வலது ஸ்பீக்கரின் சத்தத்தை பேலன்ஸில் ஏற்றி வைத்திருந்தேன். அவர் அதைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். "பின்னால லாரி ஹாரன் கேக்கோணும்ல" என்றார். திம்பம் வளைவுகளில் அவர் சொல்வதுதான் சரி. பண்ணாரி தாண்டியதும் பாட்டை அடியோடு நிறுத்தியும் விடுகிறோம். அந்தக் காடு 2013 முதல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். யானை நிற்கும் ரோட்டில் பாட்டு எதற்கு?

போன வாரம் பவானி வரை போய் வந்தோம். 17-ஆம் போல்டர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பிளேயர் கடைசியாகத் தின்ற கேசட் அதுதான். கசங்கிய நாடாவை நான் நிமிர்த்தி ஒட்டியும், நாலாவது பாட்டில் இரண்டு நொடி குரல் குழறி மறைந்து திரும்ப வருகிறது. அந்தப் பாட்டு சுத்தமாக வேறு இடத்தில் கிடைக்கும், மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும் உடு" என்றார். குரல் மறைந்த இடத்தை அவரே பாடி நிரப்பிவிட்டு, காவிரிப் பாலத்தில் கியரை மாற்றினார்.